காருக்கு மெழுகு: ஏன்? எப்படி?

மெழுகு பூசிய காரில் மழைநீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. பூசாத காரில் படர்ந்து நிற்கிறது. ஏன்?

மெழுகின் மூலக்கூறுகள் நீண்ட கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிகளால் ஆனவை. அவை நீரை ஈர்ப்பதில்லை. நீரின் மூலக்கூறுகளோ ஒன்றையொன்று இறுகப் பற்றுபவை. பரப்பில் பிடிமானம் கிடைக்காததால் தமக்குள் திரண்டு துளியாகின்றன. தாமரை இலையிலும் மெழுகுதான் நீரை விலக்குகிறது. அங்கே நுண்ணிய மேடுகளும் துணை நிற்கின்றன.

எந்த மெழுகு நல்லது? பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும் கார்னௌபா பனை, தன் இலைநீர் ஆவியாகாமல் காக்கச் சுரக்கும் மெழுகு பெயர்பெற்றது. தேன்மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியசில் உருகிவிடும். கார்னௌபா உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் வெயிலைத் தாங்கும், ஆழ்ந்த பளபளப்பும் தரும். நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் செயற்கை பாலிமர் பூச்சு நல்லது.

எப்படிப் பூசுவது? முதலில் வண்டியைக் கழுவித் துடையுங்கள். ஒட்டியிருக்கும் மண்துகள் உப்புத்தாள் போல பெயின்ட்டைக் கீறிவிடும். பிறகு நிழலில் நிறுத்தி, தகடு ஆறியபின் பூசுங்கள். சூட்டில் மெழுகிலுள்ள கரைப்பான் சட்டென ஆவியாகி, திட்டுத் திட்டாக இறுகிவிடும். மெல்லிய படலமே போதும். மிஞ்சியதெல்லாம் துடைக்கும் துணியோடு போய்விடும். மங்கலாக உலர்ந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள். கருப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படவிடாதீர்கள், வெண்கறை தங்கிவிடும்.

நீர் உருளாமல் படரத் தொடங்கினால் மெழுகு தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது மறுபடி பூசுங்கள்.