சாயத்தில் பிறந்த மருந்து

திருப்பூரில் சாயப்பட்டறை தெரியாதவர்கள் உண்டா? வெள்ளைத் துணி உள்ளே போகிறது. சிவப்பாக, நீலமாக வெளியே வருகிறது.

அந்தச் சாயத்துக்கும் நாம் விழுங்கும் மாத்திரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. எப்படி?

ஊசி குத்தியது

1935-ம் ஆண்டு. ஜெர்மனியில் ஒரு சிறுமியின் கையில் ஊசி குத்திவிட்டது. காயத்தில் கிருமி புகுந்தது. கை வீங்கியது. கையையே எடுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலை!

சிறுமியின் தந்தை டாக்டர் கெர்ஹார்ட் டோமாக். மருந்து ஆராய்ச்சியாளர். "புரோன்டோசில்" என்ற சிவப்புச் சாயம், எலிகளைக் கிருமியிடம் இருந்து காப்பாற்றியதை 1932-ல் கண்டவர். அதையே மகளுக்குக் கொடுத்தார்.

சிறுமி பிழைத்தாள். கையும் தப்பியது.

நிறம் எதற்கு?

அதே ஆண்டு, பாரிஸ் பாஸ்டர் நிலைய விஞ்ஞானிகள் ஓர் உண்மையைக் கண்டார்கள். அந்தச் சாயம் உடலுக்குள் போனதும் உடைகிறது. உடைந்ததில் ஒரு துண்டுதான் மருந்து. சிவப்பு நிறத்துக்கு அங்கு வேலையே இல்லை! அந்தத் துண்டுதான் "சல்பா" மருந்து.

ஒரு பொருளில் எந்தத் துண்டு நோயைத் தீர்க்கிறது? எதை மாற்றினால் குணம் கூடும்? எதை நீக்கினால் கெடுதல் குறையும்? இதைப் படிப்பதுதான் "மருந்து ரசாயனம்".

சென்னையில் படித்தவர்

இந்தத் துறையில் பெயர் பெற்றவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். அமெரிக்கா சென்று ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

போலிக் அமிலம் என்பது ஒரு வைட்டமின். அதைப் போலவே தோற்றம் அளிக்கும் போலிப் பொருள்களை அவருடைய குழுவினர் உண்டாக்கினார்கள். புற்று நோய் அணு அதை வைட்டமின் என்று ஏமாந்து எடுத்துக்கொள்ளும். பிறகு வளர முடியாது! அந்த வகையைச் சேர்ந்த "மெத்தோட்ரெக்சேட்" இன்றும் இரத்தப் புற்று நோய்க் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது.

என்ன படிக்கலாம்?

பிளஸ் 2 முடித்து, பி.பார்ம். 4 ஆண்டு படிக்கலாம். அல்லது பி.எஸ்சி. ரசாயனம் 3 ஆண்டு, எம்.எஸ்சி. 2 ஆண்டு படிக்கலாம். எம்.எஸ்சி.யில் கரிம ரசாயனம் எடுப்பது நல்லது. பிறகு நுழைவுத் தேர்வு எழுதி, மொகாலியில் உள்ள "நைப்பர்" என்ற மத்திய அரசு நிறுவனத்தில் 2 ஆண்டு மருந்து ரசாயனம் பயிலலாம். பக்கத்தில் ஊட்டியிலும் மருந்தியல் கல்லூரி இருக்கிறது.

பனியன் கம்பெனிக்குப் போனால் உடனே வாரச் சம்பளம் வரும். இந்தப் படிப்புக்கோ ஆறேழு ஆண்டு ஆகும். அதன் பிறகும், செய்து பார்க்கும் பொருள்களில் பெரும்பாலானவை மருந்தாகாமலே போகும். பொறுமை வேண்டும்.

ஆகவே, பெற்றோர்களே! "இந்தச் சாயம் பருத்தியில் ஒட்டுகிறதே, பாலியெஸ்டரில் ஏன் ஒட்டவில்லை?" என்று உங்கள் மகளோ மகனோ கேட்டால், அதட்டாதீர்கள். சில சாயங்கள் கிருமியில் மட்டும் ஏன் ஒட்டுகின்றன என்று பால் எர்லிக் என்ற விஞ்ஞானி கேட்டார். மருந்து ரசாயனத்துக்கு வழி திறந்தது அந்தக் கேள்விதான்!