ஒரு சர்வருக்கு இரண்டு முகவரியா?

வாடகைக்கு எடுத்த ஒரே சர்வருக்குப் பல ஐ.பி. முகவரிகள் எதற்கு என்று நானும் வியந்ததுண்டு.

முன்பு பூட்டுக்குறியுள்ள இணையதளம் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வேண்டியிருந்தது. எந்தத் தளம் வேண்டுமென்று கேட்பவர் சொல்லுமுன்பே சர்வர் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். 2003-இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.ஐ. முறையில் பெயர் முதலிலேயே தெரிந்துவிடுவதால், பல தளங்களுக்கு ஒரு முகவரியே போதுமாயிற்று. நல்லதுதான். 32 பிட் முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011-இல் தீர்ந்துவிட்டது.

ஆயினும் மின்னஞ்சலுக்கு இன்றும் தனி முகவரி பயன்படுகிறது. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மாணவர்களுக்கு அறிவிக்க நானும் நண்பர்களும் ஒரு சர்வர் எடுத்தோம். அனுப்பிய கடிதங்களெல்லாம் திரும்பி வந்தன. எங்களுக்கு முன் அந்த முகவரியில் 'குடியிருந்தவர்' குப்பை அஞ்சல் அனுப்பி, அதைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்! கூடுதல் வாடகைக்கு இரண்டாவது முகவரி பெற்றோம். அது பட்டியலில் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். அப்போதும் கடிதங்கள் திரும்பின. முகவரியைச் சேர்த்தால் மட்டும் போதாது. தனியே சொல்லாதவரை, வெளியே செல்லும் அஞ்சல் பழைய முகவரியிலிருந்தே புறப்படும். அஞ்சல் நிரலில் புதிய முகவரியைக் குறிப்பிட்டோம். அந்த எண்ணுக்குரிய பெயர்ப் பதிவையும் திருத்தச் செய்தோம். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன.