பெயரை எழுதும் தலைவரா? பெயர் சொல்லி அழைக்கும் தலைவரா?



கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும்போது, ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பிற்காகப் பெரிய பள்ளிக்குச் செல்கிறார்கள். பெரியவர்களாகிய நமக்கு இது ஆண்டுதோறும் நடக்கும் சாதாரண நிகழ்ச்சி. மாற்றுச் சான்றிதழ் வாங்குகிறோம், சேர்க்கைப் படிவம் நிரப்புகிறோம், சீருடை தைக்கக் கொடுக்கிறோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு இது ஓர் உலகத்தை விட்டு மற்றோர் உலகத்திற்குள் நுழைவதாகும்.

ஊர்ப் பள்ளியில் அந்தப் பிள்ளையை எல்லாருக்கும் தெரியும். யாருடைய மகன், யாருடைய பேத்தி, எந்தப் பாடத்தில் தடுமாறுவான் என்பதெல்லாம் டீச்சருக்குத் தெரியும். அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைதான் பள்ளியிலேயே மூத்த பிள்ளை. புதிய பள்ளியிலோ அவனே எல்லாருக்கும் இளையவன். மணி அடிக்க அடிக்க ஆசிரியர்கள் மாறுகிறார்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடக் கூச்சம். ஊருக்குப் போகும் பேருந்து எந்தப் பக்கம் வரும் என்ற பயம். 2022 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. பள்ளியில் காலையில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பின் முதல் நாளன்று வெறும் வயிற்றோடு வந்து நின்றாலும் நாம் வியப்படைய வேண்டியதில்லை.

இந்தப் பிள்ளையை யார் வரவேற்பது? தலைமையாசிரியருக்கு அன்று நூறு வேலைகள். வகுப்பாசிரியர் முன்னால் அறுபது முகங்கள். உண்மையில் புதிய பிள்ளை முதலில் சந்திப்பது தன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த மாணவரைத்தான். ஆகவே மாணவத் தலைவர்கள் என்று நாம் சட்டையில் சின்னம் குத்தி நிறுத்தும் பிள்ளைகளைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பது நல்லது.

தலைவர் என்றால் யார்?

நம் பள்ளிகளில் 'லீடர்' என்றவுடன் நினைவுக்கு வருவது எது? ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரத்தில், பேசியவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் பிள்ளை. வேண்டியவர் பேசினால் எழுதமாட்டார். வேண்டாதவர் இருமினாலும் எழுதிவிடுவார். புதிதாக வந்த பிள்ளையின் பெயரைத் தலைவர் கேட்டுத் தெரிந்துகொள்வதே பல இடங்களில் அதைப் பலகையில் எழுதுவதற்காகத்தான். அதிகாரம் என்பது பிறரைக் காட்டிக்கொடுப்பது என்ற பாடத்தை நாம் இப்படிச் சிறு வயதிலேயே கற்பித்துவிடுகிறோம்.

நல்ல ஆயனைப் பற்றி யோவான் நற்செய்தி (10:3) கூறுவது வேறு. அவர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே கூட்டிச் செல்கிறார். தெரிந்துகொண்ட பெயரை அவர் குற்றப்பட்டியலில் எழுதுவதில்லை, அழைப்பதற்காகப் பயன்படுத்துகிறார். உங்களுள் பெரியவராக இருக்க விரும்புகிறவர் தொண்டராய் இருக்கட்டும் என்னும் கருத்தை இயேசு சீடர்களுக்குக் கற்பித்ததும் (மாற் 10:42-45), அவர்கள் யாருக்கு முதலிடம் என்று மனத்தாங்கல் கொண்டிருந்த வேளையில்தான்.

தொடக்கத் திருச்சபையில் இதற்கு அழகான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மனமாறிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் எல்லாரும் அவரைக் கண்டு அஞ்சினார்கள். யாரும் அவரை நம்பவில்லை. அப்போது பர்னபா துணிந்து அவரை அழைத்துக்கொண்டு திருத்தூதர்களிடம் சென்று, அவருக்காகப் பேசினார் (திப 9:26-27). ஏற்கெனவே உள்ளே இருப்பவர், வெளியே நிற்பவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிறார். மாணவத் தலைவரின் வேலையும் இதுதான். பர்னபா அன்று தயங்கியிருந்தால், பவுல் எத்தனை நாள் வாசலிலேயே நின்றிருப்பாரோ!

தொன் போஸ்கோவின் முற்றம்

1841 டிசம்பர் 8 அன்று, இத்தாலியின் தூரின் நகரில், புனித பிரான்சிஸ் அசிசியார் கோவிலின் திருப்பண்ட அறையில் ஏழைச் சிறுவன் ஒருவன் வந்து நின்றான். பூசைக்கு உதவத் தெரியாது என்றதும், கோவில் பணியாளர் அவனை அடித்து விரட்டினார். இளம் குரு தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து வரச் செய்து, அவன் தம் நண்பன் என்றார். அப்படித் தொடங்கியதே பிற்காலத்தில் வால்தோக்கோவில் வளர்ந்த இளையோர் இல்லம். அந்த இல்லத்தில் புதிதாகச் சேரும் சிறுவனுக்குப் பழைய மாணவர் ஒருவரைத் துணையாக நியமிப்பது வழக்கமாயிற்று. காவல்தூதரைப் போல அவர் உடனிருந்து, இல்லத்தின் பழக்கவழக்கங்களைச் சொல்லிக்கொடுப்பார். தவறினால் அன்போடு திருத்துவார். 1857இல் அங்கே வந்து சேர்ந்த துடுக்குச் சிறுவன் மைக்கேல் மகோனேயின் வாழ்வில் இப்படி ஒரு துணைவர் எவ்வளவு உதவினார் என்பதைத் தொன் போஸ்கோவே எழுதி வைத்துள்ளார்.

புனித தொமினிக் சாவியோவை நாம் அறிவோம். 1854 அக்டோபரில், தமது 12ஆம் வயதில், அந்த இல்லத்தில் சேர்ந்தவர். அங்கே காமில்லோ காவியோ என்ற 15 வயதுச் சிறுவன் புதிதாக வந்திருந்தான். கலைத்திறன் மிக்கவன், ஆனால் கடும் நோயிலிருந்து அப்போதுதான் சற்றுத் தேறியிருந்தான். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல், மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு தனியே நின்றான். விளையாட்டில் இருந்த தொமினிக் அவனைக் கவனித்து, அருகில் சென்று, பெயரைக் கேட்டார். ஏன் வாட்டமாய் இருக்கிறாய் என்று விசாரித்தார். மகிழ்ச்சியாய் இருந்து, கடமைகளைச் சரியாகச் செய்வதே இங்கே புனிதத்திற்கு வழி என்று விளக்கினார். காவியோ அதன்பின் நீண்ட நாள் வாழவில்லை. ஆனால் அவன் தனியாக இறக்கவில்லை. நண்பன் ஒருவனைப் பெற்ற பிறகே இறந்தான்.

1856 ஜூன் 8 அன்று தொமினிக் தம் தோழர்களோடு அமல உற்பவ அன்னை குழுவைத் தொடங்கினார். புதிதாக வந்தவர்களையும் ஒழுங்குக்குக் கட்டுப்படாதவர்களையும் குழுவினர் பங்கிட்டுக்கொண்டு கவனித்தார்கள். பெயரைப் பலகையில் எழுதவில்லை. ஆளைத் தேடிச் சென்றார்கள். 1859 டிசம்பர் 18 அன்று சலேசிய சபை உருவானபோது, அதன் முதல் உறுப்பினர்களில் பலர் இக்குழுவிலிருந்து வந்தவர்களே. தொமினிக் 1857 மார்ச் 9 அன்று 14 வயதில் இறந்தார். 1954இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். சலேசியர்கள் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தபோது, இந்த மரபும் அவர்களோடு நம் மண்ணுக்கு வந்தது.

முதல் கேள்வி எது?

தொமினிக் கேட்ட முதல் கேள்வி பெயரைப் பற்றியது. நம் ஊர்களில் புதிய மாணவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி வேறாக இருப்பதுண்டு. "எந்த ஊர்?" என்பார்கள். ஊரைச் சொன்னால், "எந்தத் தெரு?" என்பார்கள். இது வழி தெரிந்துகொள்வதற்கான கேள்வி அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதியை நேரடியாகக் கேட்கக் கூசுகிறவர்கள், தெருவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அதன்பின் யாரோடு உட்காருவது, யாருடைய டிபன் பாக்சிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது என்பதெல்லாம் சொல்லாமலே முடிவாகிவிடுகிறது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கண்டோம். ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும், உடன் படித்த மாணவர்களாலேயே, வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதற்கும், சைக்கிள்களில் சாதி வண்ணம் பூசுவதற்கும் தடை விதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பத்து வயதுப் பிள்ளை தானாகக் கடைக்குப் போய்ச் சாதிக் கயிறு வாங்குவதில்லை. யாரோ ஒரு மூத்த மாணவர் அதைக் கட்டிவிடுகிறார். அதுவும் ஒரு வகை வரவேற்புதான். புதியவனை நாம் வரவேற்காவிட்டால், வேறொருவர் வரவேற்றுவிடுவார் என்பதை மறந்துவிடக் கூடாது.

பளபளப்பான உடை உடுத்தியவருக்கு நல்ல இருக்கையும், ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் தரும் சபையைத் திருத்தூதர் யாக்கோபு கண்டிக்கிறார் (யாக் 2:1-4). கோவிலுக்கு எழுதப்பட்ட இக்கண்டனம் வகுப்பறைக்கும் பொருந்தும். ஆகவே மாணவத் தலைவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய முதல் பயிற்சி மிக எளியது: தெருவைக் கேட்காதே, பெயரைக் கேள். பிறகு, "சாப்பிட்டாயா?" என்று கேள்.

வரவேற்பு வதையாக மாறும்போது

புதியவரைக் கேலி செய்து, பாடச் சொல்லி, ஆடச் சொல்லி அவமானப்படுத்துவதைச் சிலர் வரவேற்பு என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, தமிழ்நாட்டில் 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. ஆனால் கல்லூரியில் பகடிவதை செய்பவர் அந்தப் பழக்கத்தைக் கல்லூரியில்தான் முதன்முதலாகக் கற்றார் என்று சொல்ல முடியுமா? ஆறாம் வகுப்பில் தான் பட்டதை ஒன்பதாம் வகுப்பில் பிறருக்குச் செய்கிறவர்கள் உண்டு. எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைத்து, அந்நியரிடம் அன்பு காட்டுமாறு ஆண்டவர் இஸ்ரயேலருக்குக் கட்டளையிட்டார் (லேவி 19:34). பட்ட துன்பத்தை நினைப்பது பழிதீர்ப்பதற்காக அல்ல, இரக்கம் கொள்வதற்காக.

நம் பள்ளிகளில் என்ன செய்யலாம்?

1. மாணவத் தலைவர்களின் பதவியேற்பு விழா பெரும்பாலும் பள்ளி திறந்து சில வாரங்கள் கழித்தே நடைபெறுகிறது. அதற்குள் புதியவர்களின் கடினமான நாள்கள் முடிந்துவிடும். கோடை விடுமுறைக்கு முன்பே தலைவர்களைத் தேர்ந்துகொண்டால், முதல் நாளன்றே வாயிலில் நிற்க அவர்கள் இருப்பார்கள்.

2. மதிப்பெண்ணையும் உரத்த குரலையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒதுங்கி நிற்கும் பிள்ளையின் அருகே சென்று உட்காரும் பிள்ளை யார் என்று பார்ப்போம்.

3. ஒவ்வொரு தலைவருக்கும் ஐந்தாறு புதிய பிள்ளைகளை ஒப்படைக்கலாம். கழிப்பறை, குடிநீர், நூலகம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைக் காட்டுவது முதல் நாள் வேலை. மதிய உணவு வேளையில் தனியாகச் சாப்பிடுபவர் யார் என்று பார்ப்பது முதல் மாத வேலை.

4. விடுதிப் பிள்ளைகளுக்குப் பகலைவிட மாலைநேரமே கடினம். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வீட்டு நினைவு வரும். அந்த வேளையில் உடனிருக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ போதும்.

5. தலைவர் காவலர் அல்லர், நீதிபதியும் அல்லர். பிரம்பு அவர் கையில் இருக்கக் கூடாது. ஒரு பிள்ளை அடி, மிரட்டல், தகாத தொடுதல் போன்றவற்றைப் பற்றிச் சொன்னால், அதை மனத்தில் பூட்டி வைக்காமல் உடனே நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

6. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் நடைபெறும் பள்ளிகளில், கர்தினால் கார்டின் கற்றுத்தந்த 'பார், தீர்மானி, செயல்படு' என்ற முறையிலேயே இதைச் செய்யலாம். பிற சமயப் பிள்ளைகளும் தலைவர்களாக இதில் முழுமையாகப் பங்கேற்கட்டும். அன்புக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் தேவையில்லை.

பங்கின் கடமை

இதைப் பள்ளியின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. இந்த ஆண்டு ஆறாம் வகுப்பிற்குப் போகும் பிள்ளைகள் யார் யார் என்று ஒவ்வோர் அன்பியமும் கணக்கெடுக்கலாம். அதே பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளை ஒருவர், முதல் வாரம் அவர்களை உடன் அழைத்துச் செல்லுமாறு ஏற்பாடு செய்யலாம். மறைக்கல்வி வகுப்பிலும் பீடச்சிறுவர் குழுவிலும் புதியவரை ஏற்றுக்கொள்ளப் பழகிய பிள்ளை, பள்ளியிலும் அதையே செய்யும்.

பெற்றோரே, மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் என்ன கேட்கிறோம்? "உன் பக்கத்தில் உட்காருவது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால், பள்ளியில் தலைவர்கள் கற்றதை எல்லாம் ஒரே கேள்வியில் அழித்துவிடுகிறோம். "இன்று புதிதாக யாரிடம் பேசினாய்? அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால், மறுநாள் கேட்டு வரச் சொல்லுங்கள்.

அந்நியராய் வந்தவரை ஏற்றுக்கொண்டோமா என்பது இறுதித் தீர்ப்பில் நம்மிடம் கேட்கப்படும் (மத் 25:35). அந்த அந்நியர் தொலைதூர நாட்டிலிருந்து வரவேண்டும் என்பதில்லை. தன்னைவிடப் பெரிய பையைச் சுமந்துகொண்டு, அளவு சற்றுப் பெரிதாகத் தைத்த சீருடையில், பள்ளி வாயிலிலும் அவர் நிற்கக்கூடும். அவரைப் பெயர் சொல்லி அழைக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். இறைவன் நம் பிள்ளைகள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!