டிசம்பர் வரை காத்திருக்கலாமா? பெட்ரோனாஸ் வேலையும் செலவுக் கணக்கும்

தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் ஆள் எடுப்பு முடக்கம் 2026 டிசம்பர் வரை என்று அறிவிப்பு வந்ததிலிருந்து, புக்கிட் மெர்தாஜாம் பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்களில் குழப்பம் கூடிக்கொண்டே போகிறது. எஸ்.பி.எம். முடித்த மகனை சிரி இஸ்கண்டார் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாமா என்கிறார் ஒரு தாய். ஜூருவில் இரும்புப் பட்டறையில் வேலை செய்யும் வெல்டர் ஒருவர், கைக்காசைப் போட்டு ஆஃப்ஷோர் பயிற்சி எடுத்தால் 2027 ஜனவரியில் கதவு திறக்குமா என்கிறார். இன்னொருவருக்குக் கோபம்: கோடி கோடியாய் லாபம் பார்க்கும் கம்பெனி எதற்கு ஆளைக் கழிக்கிறது?

கோபக்காரரின் கேள்வி நியாயமானது. 2025 ஜூன் 5ஆம் தேதி தலைமைச் செயல் அதிகாரி தெங்கு முகமது தௌபிக் சொன்னது, பணியாளர்களில் ஏறத்தாழ 10 விழுக்காடு, அதாவது 5,000 பேருக்கு மேல் குறைக்கப்படுவார்கள் என்பது. அதற்கு முந்தைய ஆண்டில் நிறுவனத்தின் நிகர லாபம் 5,510 கோடி வெள்ளி. 2023இல் 8,070 கோடி இருந்தது, அதிலிருந்து சரிவுதான். ஆனால் நட்டம் இல்லை. அந்த லாபத்திலிருந்து அரசுக்குப் போன ஈவுத்தொகை 3,200 கோடி. இத்தனைக்கும் நடுவே நடப்பதற்கு வைத்திருக்கும் பெயர் 'சீரமைப்பு'. 

ஜூரு வெல்டருக்கு இந்த முடக்கம் நேரடியாகப் பொருந்தாது. முடக்கம் பெட்ரோனாஸின் சொந்தச் சம்பளப் பட்டியலுக்குத்தான். திரங்கானு கடலில் குழாய் பற்றவைப்பவரும் சாரம் கட்டுபவரும் துரு சுரண்டிச் சாயம் அடிப்பவரும் பெரும்பாலும் குத்தகை நிறுவனத்து ஆட்கள். அவர்களுக்கு வேலை இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம். சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

1974ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டின் எண்ணெய் முழுவதும் பெட்ரோனாஸுக்குச் சொந்தம். ஷெல்லும் எக்ஸானும் ஒப்பந்தக்காரர்கள் மட்டுமே. தங்கள் பணத்தைப் போட்டுத் தோண்டுவார்கள். எண்ணெய் வந்தால் செலவை எண்ணெயாகவே கழித்துக்கொள்வார்கள். மிஞ்சியதை இரு தரப்பும் பிரித்துக்கொள்ளும். 1976இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் 1997இல் ஒரு நுட்பம் சேர்ந்தது. ஒப்பந்தக்காரர் இதுவரை பெற்ற மொத்த வருமானத்தை, இதுவரை செய்த மொத்தச் செலவால் வகுக்க வேண்டும். விடை எத்தனையோ, அதற்கேற்பப் பங்கு மாறும்.

நூறு பீப்பாயை வைத்துப் பார்ப்போம். முதலில் 10 பீப்பாய் ராயல்டி, மாநிலத்துக்குப் பாதி, மத்திய அரசுக்குப் பாதி. வகுத்த விடை 1க்குக் கீழே இருந்தால், அதாவது போட்ட முதலே இன்னும் வரவில்லை என்றால், 70 பீப்பாய் வரை செலவுக்குக் கழிக்கலாம். மீதி 20இல் ஒப்பந்தக்காரருக்கு 16, பெட்ரோனாஸுக்கு 4. விடை 3ஐத் தாண்டிவிட்டால் செலவுக்கு 30தான் உச்சவரம்பு. அதை முழுக்கக் கழித்தால் மீதி 60. அதில் ஒப்பந்தக்காரருக்கு 18, பெட்ரோனாஸுக்கு 42. துணிந்து முதல் போட்டவனுக்கு ஆரம்பத்தில் வாரிக் கொடுத்துவிட்டு, அவன் கொழுத்த பிறகு நாட்டின் பங்கை உயர்த்துகிறார்கள். கெட்டிக்கார ஏற்பாடு. இதை வகுத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

எனக்கு உறுத்துவது அடுத்த பகுதி. பங்கு குறையாமலிருக்க ஒப்பந்தக்காரர் செலவை ஊதிக் காட்டலாம் அல்லவா? அதைத் தடுக்க ஒவ்வோர் ஆண்டும் வேலைத் திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் பெட்ரோனாஸின் ஒப்புதல் வேண்டும். வெல்டரின் கூலி, சாரம், ஹெலிகாப்டர் பயணம் எல்லாமே அந்தக் காகிதத்தில் 'செலவு'. எண்ணெய் விலை விழும் ஆண்டில் கத்தரி முதலில் விழுவது அங்கேதான். தவிர, ஒப்புதல் கொடுக்கும் பெட்ரோனாஸின் பிள்ளையான சாரிகாலி நிறுவனமே பல எண்ணெய் வயல்களில் ஒப்பந்தக்காரராகவும் உட்கார்ந்திருக்கிறது. நடுவரும் ஆட்டக்காரரும் ஒரே குடும்பம்.

இன்னொரு முரண், வயதான வயலில் துருவும் கசிவும் அதிகம் என்பதால் பராமரிப்பு ஆட்களும் அதிகம் வேண்டும். ஆனால் நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்த பழைய வயலில்தான் செலவு வரம்பு சுருங்கிக் கிடக்கும். இது தெரிந்துதான் ஆயுள் முடியப்போகும் வயல்களுக்கென்று தனி ஒப்பந்த வகையைப் பின்னர் கொண்டுவந்தார்கள். ஆகவே "ஆயிரக்கணக்கில் வேலை வாய்ப்பு" என்று விளம்பரம் வந்தால், புது வயலுக்கா பழைய வயலுக்கா, எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுப் பழகுங்கள்.

மேலே பணம் நின்றால் கீழே என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். கடனில் மூழ்கிய எண்ணெய்ச் சேவை நிறுவனமான சபுரா எனர்ஜிக்கு 2025 மார்ச்சில் அரசு நிறுவனம் ஒன்றின் வழியாக 110 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. நோக்கம், காசு வராமல் காத்துக் கிடந்த 2,000க்கும் மேற்பட்ட உள்ளூர் நிறுவனங்களின் பாக்கியை அடைப்பது. பெரிய முதலாளி தப்பினார் என்று பலர் திட்டினார்கள். ஆனால் அந்தச் சிறு நிறுவனங்களின் ஆட்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்திருக்கும்?

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம்? நல்ல பட்டம் கிடைக்கும், வேலைக்கு உத்தரவாதம் கிடையாது.

பெட்ரோனாஸ் உபகாரச் சம்பளம்? கையெழுத்துப் போடும் முன் பிணைப்புக் காலத்தையும், அவர்கள் வேலை தராவிட்டால் என்ன என்ற விதியையும் படியுங்கள்.

இந்த ஆள் குறைப்பு எல்லாம் சரவாக்கால்தானா? செலவுதான் காரணம் என்கிறது பெட்ரோனாஸ். சரவாக் எரிவாயு அம்மாநில அரசு நிறுவனமான பெட்ரோஸின் கைக்குப் போவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

நம்மவர் நிறுவனம் பெட்ரோனாஸ் உரிமம் எடுக்க முடியுமா? முடியும். பல வேலைப் பிரிவுகளில் பூமிபுத்ரா பங்குரிமை நிபந்தனை உண்டு.

எண்ணெய் வேண்டாம், ஈயத் தொழிலுக்குப் போகலாமா? பட்டர்வொர்த்தில் 1902இல் தொடங்கிய உருக்காலையின் வேலை புலாவ் இண்டாவுக்குப் போய்விட்டது. சுரங்க வேலை வேண்டுமானால் கிளியான் இந்தான் இருக்கிறது.

ஜூரு வெல்டருக்குக் கடைசியாக. 6ஜி வெல்டிங் சோதனையில், 45 பாகையில் அசையாமல் சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றி வந்து பற்றவைத்து, எக்ஸ்ரேயிலும் தேறுகிற கை உங்களுடையது என்றால், அந்தச் சான்றிதழுக்கு முதலில் செலவழியுங்கள். கரையிலும் அதற்கு மதிப்பு உண்டு. கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீருக்கடியில் வெளியேறக் கற்றுத்தரும் போசியட் சான்றிதழ் நான்கே ஆண்டுதான் செல்லும். வேலை உறுதியாகாமல் அதற்குக் கைக்காசைப் போடாதீர்கள். ஆள் சேர்க்கும் நிறுவனத்திடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: பெட்ரோனாஸ் உரிம எண், எந்த வயல் எத்தனை மாதம், சேமநிதியும் பெர்கெசோவும் யார் பெயரில் கட்டப்படும். தர மறுத்தால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.