வாதம் என்று வருவதெல்லாம் வாதமல்ல

வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்த நிலையில் ஒருவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தால், “வாதம் அடிச்சிருச்சு” என்பார்கள் வீட்டார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அதே கோலத்தில் வரும் சிலருக்கு மூளையில் அடைப்பும் இல்லை, கசிவும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மூளைக்குச் சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வசதி கிடையாது. வரத்து குறைந்தால் பேச்சு குழறும், நினைவு தடுமாறும், சமயத்தில் ஒரு பக்கம் செயலிழக்கவும் செய்யும்.

அதனால்தான், அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுமுன் கட்டாயம் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை சர்க்கரைதான். அந்த ஊசிக்கு உள்ள அவகாசம் நான்கரை மணி நேரம். அதை எப்போதிருந்து எண்ணுவது? “எப்போ பார்த்தீங்க?” என்று கேட்டால் தவறான பதில் வரும். “கடைசியா எப்போ நல்லா இருந்தார்?” என்று கேளுங்கள். காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், கணக்கு முந்தைய இரவு அவர் படுக்கப் போன நேரத்திலிருந்து தொடங்குகிறது.

சர்க்கரை பார்க்க விரலில் குத்துவது செவிலியர் படிப்பின் முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளும் வேலை. ஆனாலும் அதில் தவறுவோர் அதிகம். பதற்றத்தில் மனைவியோ மகனோ நோயாளியின் கையில் சர்க்கரையையோ பழத்தையோ திணித்திருப்பார்கள். அந்தப் பிசுபிசுப்பு விரலில் இருந்தால் மீட்டர் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஏறும் கையில் குத்தாதீர்கள்.

70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் ஆபத்து. நினைவு தெளிவாக இருந்து, விழுங்கவும் முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வோக்லிபோஸ் சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். நினைவு மங்கியவருக்கும் வாதம் என்று சந்தேகிக்கப்படுபவருக்கும் வாய்வழியே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் உத்தரவுப்படி நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவார்கள். சர்க்கரை சரியாகியும் கை எழவில்லையென்றால் அது வாதமாக இருக்கலாம். சி.டி. ஸ்கேன் ஏற்பாடுகள் எதற்காகவும் நிற்கக் கூடாது.

தெளிந்து உட்கார்ந்ததும் வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள் உறவினர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடும் முதியவருக்கு, அதுவும் சிறுநீரகம் பழுதானவருக்கு, சில மணி நேரத்தில் சர்க்கரை மறுபடி இறங்கும். மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். இதில் பீட்டா பிளாக்கரும் இருந்தால் படபடப்பும் நடுக்கமும் தெரியாது. வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

சர்க்கரை ஏறினாலும் ஏமாற்றும். வயிற்றுவலி, வாந்தி என்று வரும் இளைஞர் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினால், மூச்சில் பழ வாசனை அடித்தால், கீட்டோன் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின் எடுப்பவருக்குச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இந்த நிலை வரலாம்.

தைராய்டு குறைவு மெதுவாக வருகிற நோய் என்பதால் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. எந்நேரமும் அசதி, கரகரத்த குரல், மலச்சிக்கல், மந்தமான நாடி, எல்லோரும் வியர்த்துக்கொண்டிருக்கையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது: இத்தனையும் இருந்தும் “வயசாயிடுச்சு” என்று ஒதுக்கப்படும் பெண்களை எந்த வார்டிலும் பார்க்கலாம். எனக்கு இது ஆறாத வருத்தம். தைராய்டு மிகுந்தாலோ நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கும், விரல்கள் நடுங்கும், நாடி ஒழுங்கு தப்பும். அப்படித் தப்பிய இதயத்தில் உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய் வாதத்தையே உண்டாக்கலாம். எனவே நாடியை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

இன்னொரு கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினாரா? ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து விழுந்து, வாந்தியோடு துவண்டு கிடப்பவரின் வீட்டார் “ஆமா, நிறுத்திட்டோம்” என்றால், அந்த நிமிடமே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹைட்ரோகார்டிசோன் ஊசிக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள்.