வெட்டினால் போகாது சீமைக் கருவேலம்

ஆலங்குளம் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்கில் சீமைக் கருவேலத்தை வெட்டித் தள்ளிய இடத்தை, ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒற்றைத் தண்டு நின்ற தூரில் நாலைந்து கிளம்பியிருக்கும். அரிவாள் படுவது மேலே. உயிர் இருப்பது மண்ணுக்குள், தண்டும் வேரும் சேரும் கழுத்தில். அதையும் சேர்த்துத் தோண்டி எடுத்தால்தான் மறுபடி தழைக்காது.

அமெரிக்கக் கண்டத்து மரம் இது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக இங்கே கொண்டுவந்தார்கள். குஜராத்தின் பன்னி புல்வெளியில் உப்பு பரவுவதைத் தடுக்க 1960களில் வனத்துறையே நட்டது. எருமை மேய்த்த அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று முள்காடு.

பரப்புவது நம் ஆடுமாடுகள்தான். பழுத்த நெற்று இனிக்கும். கோடையில் வேறு தீனி இல்லாத ஆடு ஓடி ஓடிப் பொறுக்கும். விதை செரிக்காமல் பிழுக்கையோடு விழுந்து முளைக்கும். நெற்று தின்ற ஆடுகளைச் சில நாள் பட்டியில் வைத்திருந்து, பிறகு சுத்தம் செய்த நிலத்துக்கு ஓட்டுவது நல்லது. நெற்றை விதையோடு நன்றாக அரைத்துத் தீவனத்தில் கலந்தால் அந்த வம்பே இல்லை.

கலிங்கப்பட்டிக்காரரான வைகோ தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டதும், 2017இல் தென்மாவட்டங்களில் ஜேசிபிகள் ஊர் ஊராக இறங்கின. தூரைப் பெயர்க்க அது நல்ல கருவிதான். ஆனால் மண்ணைக் கிளறும்போது உள்ளே கிடக்கும் பழைய விதையும் மேலே வந்துவிடும். வெறும் மண்ணில் முதலில் முளைப்பதும் அதுவே. ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவி, அந்தப் பருவம் முழுக்க ஆடு விடாமல் காக்க வேண்டும். அப்படியும் முளைக்கும் விரல் உயரக் கருவேலக் கன்றுக்கு அதைவிட நீளமாக வேர் இறங்கியிருக்கும். ஈரத்தில் கையால் உருவிவிடலாம், மண் இறுகிவிட்டால் கடப்பாரை வேண்டும்.

அந்நியக் களைச்செடிகளை அகற்றிச் சூழலை மீட்க 2022இல் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. மீட்பது என்றாலே மரக்கன்று நடுவது என்று நினைக்கிறோம்; எனக்கு அதில் உடன்பாடில்லை. புல் நிலத்தைத் தரிசு என்று கணக்கெழுதி மரம் வைத்தால், ஆட்டுக்கும் கௌதாரிக்கும் முயலுக்கும் இரண்டாவது முறையாக இடம் பறிபோகும். அங்கங்கே நிற்கும் ஆவாரையையும் உடைமரத்தையும் விட்டுவைத்தாலே போதும்.

மரத்தை ஏலத்தில் எடுத்துக் கரிமூட்டம் போடுகிறவருக்குத் தூர்தான் அடுத்த மகசூல். தோண்டி எடுக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. எனவே ஏலத்திலேயே நிபந்தனை வேண்டும்: தூரோடு எடுக்க வேண்டும், அடுத்த மூன்று மழைக்காலம் கன்று பிடுங்கும் கூலியை ஏலத்தொகையிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.