அச்சு வெட்டியவன் பெயர்

கரூரில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளுள் திபேரியு ராயனுடையவை பல. வரியைக் குறித்து வினவியோரிடம் ஆண்டவர் கேட்டுப் பார்த்த பணம் இவ்வகையினதே என்பர் அறிஞர் பலர். அதில் ராயனின் சுரூபம் உண்டு, மேலெழுத்து உண்டு. அச்சு வெட்டிய சிற்பியின் பெயர் மட்டும் இல்லை.

அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் சிசிலித் தீவின் கிரேக்க நகரமாகிய சீரகூசாவில் (பவுல் மூன்று நாள் தங்கிய பட்டணமே இது, அப். 28:12) வழக்கம் வேறாயிருந்தது. கி.மு. 400ஐ ஒட்டி அங்கே கீமோன், எவைநேத்தோஸ் என்னும் இருவர், ஏறக்குறைய 43 கிராம் எடையுள்ள பத்துத் திராக்மா வெள்ளிக்காசுகளுக்கு அச்சு வெட்டினர். உருவத்தை இடவலம் மாற்றிக் குழிவாகச் செதுக்கும் நுண்பணி அது. இருவரும் தம் பெயரையும் பொறித்தனர். அரெத்தூசா என்னும் நீரூற்றுத் தேவதையின் கழுத்தருகே நீந்தும் ஓங்கிலின் உடல்மேல் கீமோன் எழுதியதை, காசைக் கண்ணருகே பிடித்தால்தான் படிக்கலாம். அந்நாளில் நகரை ஆண்ட கொடுங்கோலன் தியோனீசியுவின் முகமோ பெயரோ அக்காசுகளில் இல்லை.